இரைப்பைப் புற்றுநோய்: அறுவைக்கு முன் உடம்பின் சத்து நிலையை ஏன் அளக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள்?

இரைப்பையில் புற்றுநோய் என்று உறுதியானதும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தோன்றுவது ஒன்றுதான்: எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கட்டியை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மருத்துவக் குழு எடையைக் கேட்கிறது, சாப்பாட்டைக் கேட்கிறது, கையில் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறது, டயட்டீஷியனைப் பார்க்க அனுப்புகிறது. சிலரிடம் "பத்து நாள் ஊட்டம் கொடுத்துவிட்டு அறுவை செய்வோம்" என்றும் சொல்கிறது. அதற்குள் கட்டி வளர்ந்துவிடாதா, ஏன் காலம் கடத்துகிறார்கள் என்ற பயம் வருவது இயல்பு.

இது காலம் கடத்துவது அல்ல. வயது, கட்டியின் இடம், நோய் பரவிய அளவு ஆகியவற்றை அறுவைக்கு முன் யாராலும் மாற்ற முடியாது. ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஓரளவுக்காவது சரிசெய்யக்கூடியது சத்துக் குறைவு. ஆனால் அது யாருக்கு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். பார்வைக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை.

## இந்த நோயில் உடம்பு ஏன் இவ்வளவு வேகமாக வற்றுகிறது

எல்லாப் புற்றுநோயிலும் எடை குறையலாம். இரைப்பைப் புற்றுநோயில் அது கூடுதலாக நடப்பதற்குப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

1. வழி அடைபடுகிறது. கட்டி இரைப்பையின் மேல்முனையில் இருந்தால் விழுங்குவதே சிரமம். கீழ்முனையில் இருந்தால் சாப்பிட்டது சிறுகுடலுக்குள் இறங்காமல் தேங்குகிறது. பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வரும். சில வகைகளில் கட்டி என்று தனியாக எதுவும் தெரியாது. புற்றணுக்கள் இரைப்பைச் சுவர் முழுக்கப் பரவி அதை விறைக்கச் செய்கின்றன. இரைப்பை விரியாததால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது.

2. ரத்தம் கசிகிறது. புண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் மாதக்கணக்கில் ரத்தம் போகும். இரும்புச்சத்து தீர்ந்து சோகை வரும். சோர்வு கூடக்கூட நடமாட்டம் குறையும், நடமாட்டம் குறையக்குறைய தசையும் குறையும்.

3. உடம்பே தன்னைக் கரைக்கிறது. கட்டிக்கு எதிராக உடம்பில் எழும் அழற்சியில் இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருட்கள் சுரக்கின்றன. இவை பசியை அடக்கும், தசைப் புரதத்தை உடைக்கும், கல்லீரலின் வேலையைத் திசைதிருப்பும். இந்த நிலைக்குக் கேக்கெக்சியா என்று பெயர். 2011இல் வெளியான சர்வதேச ஒருமித்த வரையறையின்படி, ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவருக்கு இது இருப்பதாகக் கொள்ளலாம். ஏற்கெனவே ஒல்லியாகவோ தசை குறைந்தோ இருப்பவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் இழந்தாலே போதும். வெறும் பட்டினியில் வரும் மெலிவுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: கேக்கெக்சியாவில் சாப்பாட்டைக் கூட்டினால் மட்டும் தசை முழுதாகத் திரும்பிவிடாது.

4. இரைப்பை ஏற்கெனவே பழுதானது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் பல ஆண்டுகள் நீடித்த அழற்சியின் முடிவில்தான் பெரும்பாலும் இந்தப் புற்று தோன்றுகிறது. அப்படிப்பட்ட இரைப்பையில் அமிலச் சுரப்பு குறைந்திருக்கும்; இரும்பும் வைட்டமின் பி12ம் முன்பிருந்தே சரியாக உறிஞ்சப்படாமல் இருந்திருக்கலாம்.

இவற்றோடு சிகிச்சையும் சேர்ந்துகொள்கிறது. கட்டி ஓரளவு முற்றியிருந்தால் இப்போது பல இடங்களில் அறுவைக்கு முன்பே கீமோ தருகிறார்கள். ஃப்ளாட் எனப்படும் நான்கு மருந்துச் சேர்க்கையில் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று அறுவைக்கு முன் நான்கு சுற்றுகள். குமட்டல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, சுவை மாறுதல் எல்லாம் இந்தக் காலத்தில் வரலாம். அதனால் முதல் நாள் எடுத்த அளவு அறுவை நாளன்று செல்லாக் கணக்காகிவிடும். மறுபடி அளக்க வேண்டும்.

## சத்துக் குறைந்த உடம்பில் அறுவை செய்தால் என்ன ஆகும்

1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைராம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். அறுவைக்கு முன் தங்கள் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அந்த அளவுக்கு இழக்காதவர்களில் இறப்பு 3.5 சதவீதம். ஐம்பது பேர்கூட இல்லாத சிறிய கூட்டம்தான். ஆனாலும் அறுவை ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல எடை இழப்பு ஒரு அடிப்படை அடையாளம் என்று அவர் சொன்னதை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

ஏன் அப்படி ஆகிறது? இரைப்பையை முழுதாக எடுத்தால் உணவுக்குழாயின் கீழ்முனையைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ஆற, திசுக்களைப் பிணைக்கும் நார்ப்பொருளான கொலாஜன் வேண்டும், கொலாஜனுக்குப் புரதம் வேண்டும். ஆறாமல் கசிந்தால் மார்பிலோ வயிற்றிலோ சீழ் பிடிக்கும். இந்த அறுவைக்குப் பின் எல்லோரும் மிகவும் அஞ்சுகிற சிக்கல் இதுதான். அப்புறம், சத்துக் குறைவில் நோய் எதிர்ப்பு அணுக்கள் மந்தமாகும், காயத் தொற்று கூடும். மூச்சுத் தசைகள் மெலிந்தவரால் அறுவைக்குப் பின் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது, நிமோனியா வரும்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரைப்பை எடுத்த பிறகு எல்லோருமே எடை இழக்கிறார்கள். பலருக்கு முதல் சில மாதங்களில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். முழுதாக எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஏற்கெனவே கையிருப்பு தீர்ந்த நிலையில் அறுவைக்குப் போகிறவருக்கு அந்த இழப்பைத் தாங்க எதுவும் மிச்சமில்லை. அறுவைக்குப் பின் வரவேண்டிய கீமோவை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாமல் பாதியில் நிற்கிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் பலர்.

## அளப்பதில் மூன்று படிகள்

முதல் படி வடிகட்டல். யாருக்குச் சத்துக் குறைவு இருக்க வாய்ப்புண்டு என்று சில நிமிடங்களில் கண்டுபிடிப்பது. இதைச் செவிலியரே செய்யலாம். இரண்டாவது படி மதிப்பீடு. வடிகட்டலில் சிக்கியவரை டயட்டீஷியனோ மருத்துவரோ விரிவாக ஆராய்ந்து குறைவு உண்மையா, எந்த வகை, எவ்வளவு கடுமை என்று முடிவு செய்வது. மூன்றாவது, அந்த முடிவை வைத்துத் திட்டம் போடுவது. வடிகட்டல் மதிப்பெண்ணையே நோய் முடிவாக எடுத்துக்கொள்வதால் நிறையக் குழப்பம் வருகிறது. மதிப்பெண் சொல்வது "இவரைக் கூர்ந்து பார்" என்பதை மட்டும்தான்.

## எல்லாவற்றுக்கும் முதலில்: எடையின் கதை

இன்றைய எடை ஒரு எண், அவ்வளவுதான். அது எங்கிருந்து எங்கே வந்தது, எத்தனை மாதத்தில் வந்தது என்பதில்தான் தகவல் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. 62 வயது, உயரம் 165 செ.மீ., இன்றைய எடை 65 கிலோ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இவருக்கு அது 23.9. எந்த அட்டவணையிலும் இவர் ஒல்லி அல்ல, பார்க்கவும் நன்றாகவே இருப்பார். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் 74 கிலோ, மூன்று மாதத்துக்கு முன் 70 கிலோ. அதாவது ஆறு மாதத்தில் 9 கிலோ, 12 சதவீதம் போயிருக்கிறது. மூன்று மாதத்தில் 7 சதவீதம். போன வாரம் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவக் கணக்கில் இவருக்குக் கடுமையான சத்துக் குறைவு.

இதற்கு நேர்மாறாக, 160 செ.மீ. உயரமும் 48 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 18.75. ஆனால் பத்து ஆண்டாக அதே எடை, சாப்பாட்டிலும் குறைவில்லை. ஒல்லியாகத் தெரிகிற இவரைவிட, நன்றாகத் தெரிகிற முதல் ஆளுக்குத்தான் அறுவையில் ஆபத்து கூடுதல். "ஆள் நல்லா தானே இருக்கார்" என்று விட்டுவிடுவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு பருமனாக இருந்தவர் மெலிந்தால் சுற்றி இருப்பவர்கள் சில சமயம் பாராட்டவே செய்கிறார்கள். முயற்சி செய்யாமல் குறைந்த எடை பாராட்டுக்குரியது அல்ல.

எடை எடுக்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ எடை பொய் சொல்லும். தசை கரைந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டு எண்ணை அப்படியே வைத்திருக்கும். இன்னொன்று, வாந்தியால் நீர் வற்றியவருக்கு டிரிப்ஸ் ஏற்றிய மறுநாள் எடை கூடுவது சத்து ஏறியதால் அல்ல.

பழைய எடை நினைவில்லை என்பவர்கள் நிறையப் பேர். பழைய மருத்துவச் சீட்டு, இடுப்புப் பட்டையின் துளை எத்தனை உள்ளே போனது, மோதிரமும் சட்டையும் தளர்ந்தனவா என்று கேட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

## கேள்வித்தாள்கள்

பல உண்டு. அடிக்கடி காதில் விழும் பெயர்களை மட்டும் பார்க்கலாம்.

என்.ஆர்.எஸ். 2002: டென்மார்க்கின் கோன்ட்ரப் தலைமையிலான குழு ஐரோப்பிய மருத்துவ ஊட்டச் சங்கத்தோடு சேர்ந்து உருவாக்கியது, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கானது. சத்து நிலைக்கு 0 முதல் 3, நோயின் கடுமைக்கு 0 முதல் 3, வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக 1. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து இருக்கிறது. நம் கற்பனை நோயாளிக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாடு பாதியாகக் குறைந்ததற்கு 2, பெரிய வயிற்று அறுவைக்கு 2, வயதுக்கு 0. மொத்தம் 4. பெரிய வயிற்று அறுவைக்கே 2 கிடைத்துவிடுவதால், இரைப்பை அறுவைக்குப் போகும் ஒருவர் லேசாக எடை இழந்திருந்தாலும் வலையில் விழுந்துவிடுவார். இந்த அறுவைக்கு அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மஸ்ட்: பிரிட்டனிலிருந்து வந்தது. பி.எம்.ஐ., எடை இழப்பு, ஐந்து நாளுக்கு மேல் சாப்பிட முடியாத கடும் நோய் நிலை என்று மூன்றே விஷயம். வெளிநோயாளிகளுக்கு எளிது.

எஸ்.ஜி.ஏ.: 1987இல் டொராண்டோவில் டெட்ஸ்கியும் சக மருத்துவர்களும் விவரித்த முறை. மதிப்பெண்ணே கிடையாது. எடை, சாப்பாடு, வயிற்றுத் தொல்லை, நடமாட்டம் எல்லாம் கேட்டு, தோளிலும் தொடையிலும் தசையைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் பார்த்து, கடைசியில் மருத்துவர் தன் தீர்ப்பாக ஏ (சத்து நிலை நன்று), பி (ஓரளவு குறைவு), சி (கடுமையான குறைவு) என்று மூன்றில் ஒன்றைச் சொல்கிறார். அகவயமானது என்று இதைக் குறை சொல்வார்கள். ஆனால் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். இதையே புற்றுநோயாளிகளுக்காக விரித்து, முதல் பகுதியை நோயாளியே நிரப்பும்படி செய்தது பி.ஜி.-எஸ்.ஜி.ஏ. அதில் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே ஊட்டச் சிகிச்சை தேவை. குமட்டல், வலி, வாசனை பிடிக்காமை என்று சாப்பிட விடாமல் தடுப்பது எது என்பதையும் இது கேட்கிறது. அதனால் மருந்தால் சரிசெய்யக்கூடிய காரணம் அங்கேயே பிடிபடும்.

கிளிம்: 2019இல் உலகின் பெரிய ஊட்டச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நோய் உறுதி விதிகள். வடிகட்டலுக்கு அடுத்த படி இது. உடம்பில் தெரியும் அடையாளங்கள் மூன்று: எடை இழப்பு, குறைந்த பி.எம்.ஐ., குறைந்த தசை. காரணங்கள் இரண்டு: சாப்பாடு அல்லது உறிஞ்சுதல் குறைவு, நோயால் வரும் அழற்சி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருந்தால் சத்துக் குறைவு உறுதி. இரைப்பைப் புற்றுநோய் உள்ளவரிடம் காரணப் பக்கம் பெரும்பாலும் ஏற்கெனவே நிறைவேறியிருக்கும். ஆகவே முடிவு அடையாளப் பக்கத்தில்தான் தொங்குகிறது. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தால் சத்துக் குறைவு, 10 சதவீதத்துக்கு மேல் என்றால் கடுமையானது. ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. வரம்பு தனியாக இருக்கிறது: 70 வயதுக்குக் கீழே 18.5, அதற்கு மேல் 20.

## ஆல்புமின்: அதிகம் நம்பப்படும், அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருந்தால் "புரதம் குறைவு" என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே வீட்டில் புரதப் பவுடர் வாங்குகிறார்கள், சில இடங்களில் ஆல்புமின் பாட்டிலையே சிரை (ரத்தக் குழாய்) வழியாக ஏற்றக் கேட்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். அழற்சி இருக்கும்போது கல்லீரல் சி.ஆர்.பி. போன்ற புரதங்களைத் தயாரிப்பதற்கு முன்னுரிமை கொடுத்து ஆல்புமினைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் கசிவதால் இருக்கும் ஆல்புமினும் வெளியே போகிறது. அதனால் நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்கும் தொற்று வந்தால் சில நாளில் ஆல்புமின் இறங்கும். மறுபுறம், அழற்சி இல்லாமல் வெறும் பட்டினியால் எலும்பும் தோலுமானவருக்கு அது நெடுநாள் இயல்பாகவே இருக்கலாம். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 20 நாள் என்பதால், ஒரு வாரம் நன்றாக ஊட்டம் கொடுத்தாலும் எண் பெரிதாக நகராது. ப்ரீஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தின் அரை ஆயுள் 2 அல்லது 3 நாள்தான் என்றாலும் அழற்சிக்கு அதுவும் அதே மாதிரி இறங்கும்.

அப்படியானால் ஆல்புமினைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும். அது சத்தின் அளவுகோல் அல்ல, ஆனால் அறுவை ஆபத்தின் நல்ல அளவுகோல். டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்து, அதற்குக் கல்லீரல், சிறுநீரகப் பழுது காரணம் இல்லை என்றால் ஐரோப்பிய மருத்துவ ஊட்டச் சங்கத்தின் அறுவை வழிகாட்டி அதைக் கடும் ஆபத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. கூடவே சி.ஆர்.பி.யும் பார்த்தால் குறைவுக்கு அழற்சியின் பங்கு எவ்வளவு என்று தெரியும். சிரை வழியாக ஆல்புமின் ஏற்றி எண்ணை உயர்த்துவது சத்து நிலையை மாற்றாது; அளவுகோலை மட்டும்தான் தொடுகிறது.

ஆல்புமினை அடிப்படையாகக் கொண்ட கூட்டு எண்களும் உண்டு. ஜப்பானில் ஒனோடெரா 1984இல் வெளியிட்ட, அறுவை ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் சத்துக் குறியீடான பி.என்.ஐ. இரைப்பைப் புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி வரும். டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் ஆல்புமின் என்பதைப் 10ஆல் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆல்புமின் 3.4, லிம்போசைட் 1400 என்றால் 34 + 7 = 41. குடலை வெட்டி இணைக்கும் அறுவைக்கு 45க்கு மேல் பாதுகாப்பு, 40 முதல் 45 வரை ஆபத்து, 40க்குக் கீழே தவிர்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தக் காலத்து வரம்புகளை இன்றைய அறுவைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கணக்கிடும் கோனட் என்ற எண்ணும் இருக்கிறது. இரண்டுமே வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிடைப்பவை, செலவில்லாதவை. பின்விளைவை முன்கூட்டிச் சொல்லவும் உதவும். ஆனால் யாருக்கு ஊட்டம் வேண்டும் என்பதை இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல.

## தசையை நேராக அளப்பது

நோயின் நிலையைக் கண்டறிய எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். அதிலேயே தசை அளவும் இருக்கிறது. இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து, அதில் தெரியும் தசையின் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு கிடைக்கும். கூடுதல் கதிர்வீச்சு இல்லை, இன்னொரு பரிசோதனையும் இல்லை. அந்த ஒரு படத்தின் பரப்பு உடம்பு முழுவதும் உள்ள தசையோடு நன்றாக ஒத்துப்போகிறது. வரம்பு எண் மட்டும் இனத்துக்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதால், மேற்கத்திய மக்களை வைத்து எடுத்த எண்ணை எல்லோருக்கும் போடக் கூடாது.

பருமனானவர்களிடம் இதன் பயன் தனி. கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருப்பதை எடையும் பி.எம்.ஐ.யும் மறைத்துவிடும். அதை வெளியே காட்டுவது சி.டி.தான்.

தசை எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் முக்கியம். அதற்குத்தான் கையில் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொல்வது. தசை இழப்பு பற்றிய ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் பிடி வலு குறைவு. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. ஆகியவற்றுக்குக் கீழே இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்கலாம். இதற்கு ஒரு அளவு நாடா போதும்.

ரத்தத்தில் தனியாகப் பார்க்க வேண்டியவையும் சில உண்டு: ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட். அடைப்பால் வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியமும் குளோரைடும் குறைந்து ரத்தத்தில் காரத்தன்மை கூடியிருக்கும். அறுவைக்கு முன் அதைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

## அளந்த பிறகு: யாருக்காகக் காத்திருப்பது

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச் சங்கத்தின் அறுவை வழிகாட்டியின்படி கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலே கடும் ஆபத்து:

1. ஆறு மாதத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு
2. பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே
3. எஸ்.ஜி.ஏ.யில் சி, அல்லது என்.ஆர்.எஸ். மதிப்பெண் 5க்கு மேல்
4. மேலே சொன்னபடி ஆல்புமின் 3க்குக் கீழே

இப்படிப்பட்டவருக்கு 7 முதல் 14 நாள் ஊட்டச் சிகிச்சை கொடுத்துவிட்டுத்தான் பெரிய அறுவை செய்ய வேண்டும், புற்றுநோய் அறுவையாக இருந்தாலும் அதற்காகத் தள்ளிவைக்கலாம் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. கட்டி வளர்ந்துவிடுமே என்ற பயத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. இரைப்பைப் புற்று பெரும்பாலும் மாதங்கள், ஆண்டுகள் கணக்கில் வளர்ந்து வந்திருப்பது. இரண்டு வாரத்தில் அதன் நிலை மாறிவிடுவது அரிது. இணைப்பு கசிந்தால் இழக்கும் காலமோ மாதக்கணக்கில். ரத்தப்போக்கு நிற்கவில்லை, இரைப்பை துளைபட்டுவிட்டது என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது காத்திருக்க முடியாது.

அப்படியானால் எல்லோருக்கும் முன்ஊட்டம் கொடுத்துவிட்டால் என்ன? இதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வில், பெரிய அறுவைக்கு முன் சிரை வழியாக முழு ஊட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான சத்துக் குறைவு இருந்தவர்களுக்குத்தான் நன்மை தெரிந்தது. லேசான குறைவு இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமானதுதான் மிச்சம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று அளந்து பார்க்காமல் கொடுக்கும் ஊட்டமும் கெடுதல் செய்யும். இத்தனை அளவுகளுக்கும் காரணம் அதுவே.

தேவை என்று முடிவானால் கணக்கு இப்படிப் போகும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். நம் 65 கிலோ நோயாளிக்கு ஏறக்குறைய 1600 முதல் 1950 கிலோ கலோரி, 78 முதல் 98 கிராம் புரதம். முதல் வழி வாய்தான்: பிடித்த உணவைச் சிறுகச் சிறுக அடிக்கடி, கூடவே மருத்துவ ஊட்ட பானம். வாய் வழி போதவில்லை என்றால் மூக்கு வழியாகச் சிறுகுடல்வரை போகும் மெல்லிய குழாய். கீழ்முனை அடைத்திருந்தாலும் அடைப்பைத் தாண்டிக் குழாயை இறக்க முடிந்தால் குடலையே பயன்படுத்தலாம். எதுவும் முடியாதபோதுதான் சிரை வழி.

பல நாள் ஏறக்குறையப் பட்டினி கிடந்தவரை ஒரேயடியாக முழு ஊட்டத்தில் வைப்பது ஆபத்து. உணவு வந்ததும் இன்சுலின் எழுந்து ரத்தத்தில் உள்ள ஃபாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் அணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சுத் தசை செயலிழக்கலாம். பி.எம்.ஐ. 16க்குக் கீழே, சில மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதது, இந்த உப்புகள் முன்பே குறைந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிலோவுக்கு 10 கிலோ கலோரிக்கு மிகாமல் தொடங்கி, வைட்டமின் பி1 கொடுத்து, தினமும் ரத்தம் பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். "ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்" என்று கூட இருப்பவர்கள் பதறுவது இந்த முதல் சில நாட்களில்தான். அந்தக் கஞ்சத்தனம் பாதுகாப்புக்காக.

அறுவைக்கு முன் கீமோ பெறுகிறவர்களுக்கு இரண்டு மாதமும் அதற்கு மேலும் கையில் கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எடையும் சாப்பாட்டின் அளவும் எழுதிவந்தால் சரிவை இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிடலாம். நான்கும் முடிந்து அறுவைத் தேதி குறித்த பிறகு கண்டுபிடித்தால் மறுபடி தள்ளிப்போட வேண்டிவரும்.

அறுவைக்கு முந்தைய இரவு முழுக்கப் பட்டினி போடும் வழக்கம் இப்போது மாறிவிட்டது. திட உணவை ஆறு மணி நேரம் முன்பும் தெளிந்த திரவத்தை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும். ஆனால் இரைப்பை அடைப்பு உள்ளவருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் வயிறு காலியாவதில்லை என்பதால் மயக்க மருந்து கொடுக்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இந்த அளவுகள் அறுவை மேசைவரைக்கும் கூட வருகின்றன. முன்பே சத்துக் குறைவு பதிவான ஒருவருக்கு இரைப்பையை எடுத்த கையோடு சிறுகுடலில் ஒரு மெல்லிய ஊட்டக் குழாயை வைத்துவிட்டு வெளியே வருவதா என்று அறுவை மருத்துவர் அப்போதே முடிவு செய்ய வேண்டும். வைத்துவிட்டால் மேலே இணைப்பு ஆறும்வரை கீழே ஊட்டம் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போன பிறகும் வாயால் சாப்பிடுவது போதாத வாரங்களில் அந்தக் குழாய் வழியாக ஊட்டத்தைத் தொடரலாம்.